வெறும் டப்பா திரும்பாது

நெய்வேலி, பிளாக் 19
28.10.2018, ஞாயிற்றுக்கிழமை

அன்பும் அடக்கமும் நிறைந்த மாப்பிள்ளை திரு. நெடுமாறன் அவர்களுக்கு, உங்கள் மாமனார் இசக்கிமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை தனபாக்கியமும் நலம். சுரங்கத்தில் கரி வந்துகொண்டிருக்கிறது, குவார்ட்டர்ஸில் கரண்ட் இருக்கிறது, முருங்கை மரத்தில் இந்த வருஷம் கம்பளிப்பூச்சி இல்லை. அங்கு தாங்களும் என் மகள் அன்புக்கரசியும் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று வடலூர் பெருமானை வேண்டிக்கொள்கிறேன்.

கைபேசி இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார், அதுவும் வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறார் என்று தாங்கள் யோசிப்பீர்கள். போன் அடித்தால் அன்புக்கரசி எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சொல்லப்போவது ஸ்பீக்கரில் போடுகிற விஷயமல்ல. மாப்பிள்ளை, உங்கள் பர்மனெண்ட் போச்சு. கெடுத்தது வேறு யாருமில்லை, நான்தான். எப்படிக் கெடுத்தேன் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும், முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் படிக்கவும்.

ஆகஸ்டில் வந்திருந்தபோது தாங்கள் எனக்கு விளக்கியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பு என் மண்டையிலா வேறெங்காவதா என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம். ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை வருகிறது, அதனால் உங்கள் கம்பெனி பூந்திக்கொட்டையில் செய்த பாத்திரம் துலக்கும் தூளைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் போடாமல், தாங்களே வடிவமைத்த, கிளிப் வைத்து மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் போட்டு வீட்டுக்கு வீடு கொடுக்கும். தூள் தீர்ந்ததும் காலி டப்பா திரும்பி வரும், கழுவி மறுபடி நிரப்பி அனுப்புவார்கள், குப்பை என்கிற பேச்சே கிடையாது. இதற்கு ரிவர்ஸ் சப்ளை செயின் என்று பெயர் சொன்னீர்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் மேல்பக்கம் கரியைச் சுமந்துகொண்டு போகும், கீழ்ப்பக்கம் காலியாகத் திரும்பி வரும். முப்பத்து நான்கு வருஷமாக அந்த பெல்ட்டுக்கு ரோலர் எடுத்துக்கொடுக்கிற ஸ்டோர்ஸ்காரனுக்கு இது தெரியாதா? நூறு டப்பாவை எங்கள் பிளாக்கில் கொடுத்து, அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் எண்பது டப்பா காலியாகத் திரும்பினால் திட்டம் நிற்கும், தாங்களும் பர்மனெண்ட் ஆவீர்கள். திரும்பாவிட்டால் டிசம்பரோடு கான்ட்ராக்ட் முடியும் என்றீர்கள். நான் மார்பைத் தட்டி, "எண்பது என்ன மாப்பிள்ளை, நூறும் வரும், எங்கிட்ட விடுங்க" என்றேன். அந்த மார்பை இப்போது நினைத்தாலே வலிக்கிறது.

எனக்கு ஏன் இத்தனை வேகம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இந்த ஊரில் ஒரு மனிதனைப் பற்றி முதல் கேள்வி பேரல்ல, ஊரல்ல, "பர்மனெண்டா, கான்ட்ராக்டா?" என்பதுதான். உங்கள் கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாறும்போதே மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். "சென்னைல இப்பல்லாம் எல்லாரும் கான்ட்ராக்ட்தான்" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், அன்று எனக்குப் பாயசம் இறங்கவில்லை. தங்களைப் பற்றிக் குறையாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை. தங்கத்தைக் கொடுத்தாலும் ரசீது கேட்கிற ஊர் இது.

செப்டம்பர் முதல் வாரம் டப்பாக்கள் வந்து இறங்கின. ஸ்டோர்ஸ் முறைப்படியே எல்லாம் செய்தேன். சுரங்கத்திலிருந்து ஒரு சாமான் வெளியே போய்த் திரும்பி வரவேண்டுமென்றால் 'ரிட்டர்னபிள் கேட் பாஸ்' போடுவோம், அதே மாதிரி நூறு சீட்டு அடித்து, ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் சிவப்புப் பெயிண்டில் நம்பர் எழுதி, டி.வி.எஸ். ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெல்ட் செக்‌ஷன் சுல்தானின் சம்சாரம் முனவரா சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா கேஸ் மானியம் நின்னுடாதேண்ணே?" என்றாள். மற்றபடி எல்லோரும் சந்தோஷமாக வாங்கினார்கள். டப்பாவைத் தட்டிப் பார்த்தார்கள், கனத்தைப் பார்த்தார்கள், மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். அத்தை ஒருத்திதான் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள டப்பா செய்யல, பாத்திரம் செஞ்சுட்டாரு" என்றாள். புகழ்கிறாள் என்று நினைத்து நான் பெருமைப்பட்டேன். எச்சரித்திருக்கிறாள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

முதல் தலைவலி உங்கள் தூளாலேயே வந்தது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், தூள் அருமை. அத்தனை அருமை என்பதால் இரண்டே வாரத்தில் நூறு டப்பாவின் அடியிலும் இருந்த என் சிவப்பு நம்பர்களைத் துலக்கித் தள்ளிவிட்டது. நூறும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. எது யாருடையது என்று பெண்களுக்குள் பேச்சு கிளம்பியது. உடனே, பிளாக் கமிட்டிச் செயலாளர் வீட்டு மாணிக்கம்மாள் தலைமையில் பத்துப்பன்னிரண்டு பேர் பஸ் ஏறி வடலூருக்குப் போய், பாத்திரக் கடையில் டப்பா மேல் பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மறுநாள் இன்னும் முப்பது பேர். வாரம் முடிவதற்குள் நூறு டப்பாவிலும் பேர். உங்கள் கம்பெனிச் சொத்தில் 'மா. மாணிக்கம்மாள், பிளாக் 19' என்று புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறது. கீழே ஒரு தாமரைப் பூ வேறு. "இது திருப்பித் தரவேண்டிய டப்பாம்மா" என்று நான் பதறினேன். "திருப்பித் தரத்தான அண்ணே பேர் வெட்டிகினு வந்தோம், இல்லாட்டி மாறிப்பூடாதா?" என்றார் மாணிக்கம்மாள். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

அக்டோபர் முதல் வாரம், தூள் தீர்ந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிக் காலி டப்பா வாங்கக் கிளம்பினேன். முதல் வீடு முனவரா. டப்பா கண்ணெதிரே அடுப்படி அலமாரியில் பளபளவென்று கவிழ்ந்து கிடக்கிறது. "கொடும்மா" என்றேன். "ஐயோ, வெறும் டப்பாவ எப்படிண்ணே கொடுக்கறது? நாளக்கி ஏதாவது செஞ்சு போட்டுக் கொடுத்தனுப்பறேன்" என்றாள். "வெறும் டப்பாதாம்மா வேணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவள் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொடுக்கச் சொன்ன மாதிரி. அடுத்த வீட்டில், "தீபாவளிக்கு முறுக்கு சுடறோம், அதோட தர்றோம்." அதற்கடுத்த வீட்டில், "இன்னிக்கு செவ்வாக்கிழமை, வெறும் பாத்திரம் வெளிய போவக் கூடாது." மாணிக்கம்மாள் வீட்டில் உட்காரவைத்து மோர் கொடுத்துத் தெளிவாகவே கேட்டார்: "அண்ணே, எங்க வூட்ல ஒண்ணுமில்லன்னு ஊருக்குக் காட்டணுமா?" தீபாவளி நவம்பர் ஆறு, உங்கள் கெடு அக்டோபர் முப்பத்தொன்று. காலண்டரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது.

பேச்சு மாறாமல் சில டப்பாக்கள் வந்தன, இல்லை என்று சொல்லவில்லை. முனவரா டப்பா நிறைய, ரவையில் செய்கிற தம்ரூட் இனிப்பு வந்தது. இன்னொன்றில் கருவாட்டு வறுவல், இன்னொன்றில் வத்தல், ஒன்றுமே முடியாதவர்கள் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுத்தார்கள். சரி, தின்று தீர்த்தால் காலிதானே என்று நானும் சர்க்கரை வியாதியை மறந்து இரண்டு நாள் பாடுபட்டு நான்கு டப்பாவைக் காலி செய்து, கழுவித் துடைத்து, சைக்கிள் ஷெட்டில் சாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தால் சாக்கு மட்டும் இருக்கிறது. அத்தை நான்கிலும் முருங்கைக்கீரையும் உளுந்து வடையும் போட்டு, அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டாள். "ஏண்டி, அது மாப்பிள்ளையோட டப்பாடி!" என்று கத்தினேன். "மாப்ள டப்பாவா? முனவரான்னு பேர் போட்டிருக்கு. அடுத்த வூட்டுப் பாத்திரத்த வெச்சிகினு இருந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க? வெறுமன குடுத்தா அதவிட அசிங்கம்" என்றாள். நானே பார்த்துக் கட்டிக்கொண்டவள், யாரிடம் போய் முறையிட?

அப்போதுதான் மாப்பிள்ளை, எனக்கு மொத்தமும் விளங்கியது. உங்கள் டப்பாக்கள் திரும்பாமல் இல்லை. திரும்பிக்கொண்டேதான் இருக்கின்றன, ஒரு நிமிஷம் நிற்பதில்லை. ஆனால் சென்னைக்குத் திரும்பவில்லை, ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் திரும்பிக்கொண்டிருக்கின்றன. வடையோடு போய் அதிரசத்தோடு வருகிறது, அதிரசத்தோடு வந்தது சுண்டலோடு போகிறது. ஒரு டப்பா ஒரு வளைகாப்புக்குத் திருவதிகை வரை போய், அங்கே மூன்று நாள் தங்கி, கலவைச்சாதத்தோடு பஸ்ஸில் திரும்பியிருக்கிறது. இதே பிளாக்கில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் எட்டு மாதம் பேசாமலிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் டப்பா மாறிப்போனதில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் வயிற்றுப்போக்கு.

பொறுக்க முடியாமல் பஸ் ஸ்டாப் கரும்பலகையில், 'சுற்றுச்சூழல் நலன் கருதி டப்பாக்களைக் காலியாகவே ஒப்படைக்கவும், உள்ளே எதுவும் வைத்தல் ஆகாது, இப்படிக்கு இசக்கிமுத்து' என்று எழுதினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இசக்கிமுத்து வீட்டுக்கு நம் பலகாரம் ஆகவில்லையாம் என்று பேச்சாகி, காலையில் அத்தை கோலம் போடும்போது ஒருத்தரும் முகம் கொடுக்கவில்லை. அத்தை எனக்கு இரண்டு வேளை சோறு போட்டாள், குழம்பு போடவில்லை. நானே போய்க் கரும்பலகையை அழித்துவிட்டு வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதன்கிழமை உங்கள் மேலதிகாரி செவ்வந்தி மேடம் போன் செய்து, சனிக்கிழமை நேரில் வந்து காலி டப்பாக்களை எண்ணப்போவதாகச் சொன்னார். "எத்தனை வந்திருக்கு சார்?" என்றார். கையில் ஒன்றுகூட இல்லை. "வந்துகிட்டே இருக்கு மேடம்" என்றேன். பொய்யுமில்லை, மெய்யுமில்லை. அன்று மாலையே டி.வி.எஸ். ஃபிஃப்டியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "மாப்பிள்ளை ஆபீஸ்லேர்ந்து பெரியவங்க வர்றாங்கம்மா, சனிக்கிழமை பதினொரு மணிக்கு டப்பாவோட வந்துடுங்க, என் பொண்ணு வாழ்க்கை உங்க கையில இருக்கு" என்று சொன்னேன். காலியாக என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இந்த ஒரு வார்த்தையை விழுங்கியதுதான் நான் செய்த பெரிய தப்பு.

நேற்று பதினொரு மணிக்கு மேடமும் வந்தார், பிளாக்கே வந்தது மாப்பிள்ளை. எங்கள் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை வரிசை. ஒருத்தர் பாக்கியில்லை. எண்ணிப் பார்த்தேன், நூற்று மூன்று. மூன்று பேர் வரிசையைப் பார்த்து, என்னவோ கொடுக்கிறார்களென்று சொந்த டப்பாவோடு நின்றிருக்கிறார்கள். மேடம் திண்டாடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து முதல் டப்பாவைத் திறந்தார்: அதிரசம். இரண்டாவது: முறுக்கு. மூன்றாவது முனவரா, பிரியாணி, ஆவி பறக்கிறது. நான்காவது முந்திரிப் பக்கோடா. தீபாவளிக்கென்று வைத்திருந்த மாவையெல்லாம் என் பெண்ணுக்காகப் பத்து நாள் முன்கூட்டியே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். மேடம் தலையைத் தூக்கி, "காலியா ஒண்ணுகூட இல்லையா?" என்று கேட்டார். மாணிக்கம்மாள்தான் முன்னால் வந்து, இடுப்பில் கை வைத்து, "காலி டப்பா குடுக்கற அளவுக்கு எங்க பிளாக் இன்னும் கெட்டுப்பூடலீங்க மேடம்" என்றார். நூறு பேரும் ஆமாம் போட்டார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். "காலியா வந்தாத்தான் சார் ரிட்டர்ன்னு எடுத்துப்போம்" என்றார். பிறகு அத்தையை அடுப்படிக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் ஏதோ விசாரித்தார். இரண்டு அதிரசம் நின்றுகொண்டே தின்றார், உட்கார்ந்து தின்னக்கூட மனமில்லாத கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது அத்தை சும்மா இருந்தாளா? தன் டப்பா நிறைய முந்திரிக்கொத்து போட்டு, 'தனபாக்கியம்' என்று பேர் தெரிகிற பக்கமாக, கார் ஜன்னல் வழியே மேடத்தின் மடியில் வைத்துவிட்டாள். கார் போனதும் பிளாக் முழுக்க எங்கள் வாசலில் உட்கார்ந்து அத்தனை பலகாரத்தையும் பகிர்ந்து தின்றார்கள். மூன்று மணிக்குப் பார்த்தால் என் வாசலில் பளபளவென்று காலி டப்பா, தொண்ணூற்றொன்பது! மேடத்தின் கார் அப்போது பண்ருட்டி தாண்டியிருக்கும். நான் போனைத் தேடி எடுப்பதற்குள் பெண்கள் அவரவர் பேர் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆக, நூறு போனது, கணக்கில் திரும்பியது சைபர். ஒரு ரோலர் திரும்பி வராவிட்டால் நான் மற்றவர்களுக்கு மெமோ கொடுத்தவன். எனக்கு இன்று யார் மெமோ கொடுப்பது? ராத்திரி அத்தை தூங்கிவிட்டாள், எனக்குத் தூக்கமில்லை. என் பெண்ணின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. வாய்ச்சவடாலால் அவள் குடும்பத்துக்கு உலை வைத்த தகப்பன் நான். தாங்கள் என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டிவிடுங்கள், அவளிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லுங்கள். டிசம்பருக்குப் பிறகு எங்கும் அலைய வேண்டாம், இருவரும் இங்கேயே வந்துவிடுங்கள். என் ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, அதுவரை இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் நாலு பேர் தாராளமாக இருக்கலாம். தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவரிடம் பேசிவைக்கிறேன். தயவுசெய்து இனிமேல் டப்பா மட்டும் வடிவமைக்க வேண்டாம்.

தீபாவளிக்குத் தங்களுக்கு வேட்டி சட்டையும் அன்புக்கரசிக்குப் புடவையும் எடுத்துவைத்திருக்கிறோம். தீர்க்காயுசும் நிறைந்த மனசும் தங்களுக்கு அமையட்டும், என் மகள் மஞ்சள் குங்குமத்தோடு நூறாண்டு வாழட்டும் என்று வாழ்த்தி, அத்தையின் ஆசிகளையும் சேர்த்து, தலைகுனிந்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
சு. இசக்கிமுத்து

பின்குறிப்பு (1.11.2018, வியாழன்): மேலே எழுதியதைத் தபாலில் போட மனம் வராமல் நான்கு நாள் ஸ்டோர்ஸ் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். இன்று மத்தியானம் கூரியர்காரர் அத்தை பேருக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். பிரித்தால் அத்தையின் டப்பா, மேடம் அனுப்பியது. "வெறுமனயா அனுப்பியிருக்கும் அந்தப் பொண்ணு?" என்று அத்தை திறந்தாள். மேலே மிக்சர். மிக்சருக்குக் கீழே நான்காக மடித்த ஒரு காகிதம், உங்கள் பர்மனெண்ட் ஆர்டரின் ஜெராக்ஸ்! மூன்று தரம் படித்தேன், நான்காம் தரம் அத்தைக்குப் படித்துக்காட்டும்போது அழுதுவிட்டேன் மாப்பிள்ளை. கூடவே மேடத்தின் சீட்டு: சென்னையில் பத்து மெசேஜ், பரிசுக் கூப்பன் எல்லாம் கொடுத்தும் நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் திரும்பியதாம், இங்கே ஒரு வார்த்தை சொன்னதும் நூறும் வந்தது, அதனால் தப்பு டப்பாவில் இல்லை, காலியாகக் கேட்ட கம்பெனி விதியில்தான் என்று எழுதியிருக்கிறார். இனிமேல் டப்பா வாங்க வருகிறவர் ஒரு பெரிய அடுக்குப் பாத்திரமும் கொண்டுவர வேண்டுமாம், பலகாரத்தை அதில் கொட்டிக்கொண்டு டப்பாவைக் கொண்டுபோக வேண்டுமாம். அடுப்படியில் அத்தை சொன்ன யோசனையாம் இது. "அவ்ளோதான, இதுக்கு ஏன் எங்க வூட்டுக்காரரு ஒரு மாசமா பலகாரத்தத் தின்னுகினு கிடந்தாரு?" என்று மேடத்திடம் வேறு கேட்டிருக்கிறாள்.

ஆகவே மேற்படி கடிதத்தில் நலம் விசாரித்தது, வேட்டி சட்டை, ஆசீர்வாதம் நீங்கலாக மற்ற அனைத்தும் ரத்து. கான்ட்ராக்டரிடம் பேசவில்லை. டப்பா எத்தனை வேண்டுமானாலும் வடிவமைக்கவும். இதை இன்றே கூரியரில் போடுகிறேன், நாளை தங்கள் கைக்கு வந்துவிடும். ஒரே ஒரு விஷயம்: திங்கட்கிழமை ஆர்டரை நேரில் கொடுத்துத் தங்களைத் திகைக்கவைக்கப் போகிறாராம் மேடம், அதுவரை மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று சீட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறார். நான் சொல்லவில்லை, எழுதத்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் தாங்கள் இந்தப் பின்குறிப்பைப் படிக்கவில்லை. திங்கட்கிழமை ஆர்டரை வாங்கும்போது முகத்தில் திகைப்பு வர வேண்டும்; தங்களுக்குப் பொய் வராது என்பது எனக்குத் தெரியும், ஆகையால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அன்புக்கரசியைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லி நன்றாகப் பழகிக்கொள்ளவும்.